முகக்குறிப்பறிதல் இடர்ப்பாடும் அதற்கான புதுச்சொற்களும்

முகக்குறிப்பறிதல் இடர்ப்பாடு என்பது பிறர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி, சினம், அச்சம், வெறுப்பு முதலிய உணர்ச்சிகளைப் பிரித்தறிய முடியாத நிலை அல்லது அதற்கு மிகுந்த முயற்சி தேவைப்படும் நிலை ஆகும். இதற்கென எல்லாத் துறையினரும் ஏற்றுக்கொண்ட ஒற்றைச் சொல் இல்லை. மருத்துவர்களும் உளவியலாளர்களும் கிரேக்க வேர்களைக் கொண்டு சில பெயர்களை அமைத்துள்ளனர். இவ்விடர்ப்பாட்டை அறிந்தவர்களும் விளையாட்டாகச் சில சொற்களைப் படைத்துள்ளனர். குறை யாரிடம் உள்ளது என்பது பற்றிய ஒரு கருத்து இச்சொற்கள் பலவற்றுக்குள் அடங்கியுள்ளது.

நிலையின் தன்மை

ஒரு முகம் யாருடையது என்று அறிவதும், அம்முகம் எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று அறிவதும் வெவ்வேறு திறன்கள். ஒன்று குன்றியிருக்கும்போதே மற்றொன்று நன்றாக இருக்கலாம். மதியிறுக்கம் உடையவர்கள் பலரிடமும், பார்க்கின்சன் நோய், மூளையின் வலது அரைக்கோளப் பாதிப்பு ஆகியவை உள்ளோர் சிலரிடமும் இரண்டாவது இடர்ப்பாடு காணப்படுகிறது.

இதற்குப் பார்வைக் குறைவு காரணமன்று. மூளையின் இருபுறமும் அமிக்டலா பகுதி சிதைந்த ஒரு பெண்ணால் அச்சம் தோன்றும் முகங்களை அறிய முடியவில்லை என்று 1994இல் ரால்ஃப் அடால்ப்ஸ் குழுவினர் தெரிவித்தனர். அவர் பிறர் முகத்தில் கண்களை நோக்குவதில்லை என்பதை 2005இல் அதே குழுவினர் கண்டறிந்தனர். கண்களைப் பார்க்குமாறு கூறியதும் அவரால் அச்சத்தை மற்றவர்களைப் போலவே அறிய முடிந்தது. அந்த அறிவுறுத்தல் இல்லாதபோது பழைய நிலையே திரும்பியது.

நடைமுறை வாழ்வில் இதன் விளைவு பெரிது. ஆசிரியர் சினந்திருப்பதை உணராமல் தொடர்ந்து பேசும் மாணவன் திமிர் பிடித்தவன் எனப்படுகிறான். நண்பரின் வருத்தத்தைக் கவனிக்காதவர் அன்பற்றவர் எனப்படுகிறார். நிலைக்குப் பெயர் இல்லாதபோது அது குணக்கேடாகக் கருதப்படுகிறது.

துறைசார் பெயர்கள்

சொல்லைப் படிக்க இயலாமையைக் குறிக்க ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1877இல் ‘சொற்குருடு’ என்னும் பொருள்படும் பெயரை வழங்கினார். முகம் தொடர்பான பெயர்கள் சிலவும் இதே வழியில் அமைந்தன.

புரோசோபக்னோசியா: 1947இல் யோவாகிம் போடாமர் உருவாக்கியது. முகம், அறியாமை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ஆளை அடையாளம் காண இயலாமையை மட்டுமே இது குறிக்கும். உணர்ச்சியை அறியாமைக்கும் இதைப் பயன்படுத்துவது பிழை.

அலெக்சிதைமியா: 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் அமைத்தது. ‘உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை’ என்பது இதன் நேர்ப்பொருள். தம் உணர்ச்சியையே இன்னதென்று கூற இயலாத நிலையைக் குறிக்கிறது.

டிஸ்செமியா: 1992இல் ஸ்டீபன் நோவிக்கி, மார்ஷல் டியூக் ஆகியோர் அறிமுகப்படுத்தியது. இடர்ப்பாடு, குறி என்னும் பொருளுடைய வேர்களால் ஆனது. முகபாவம், குரல், உடல் அசைவு ஆகிய சொல்லற்ற குறிகள் அனைத்தையும் உள்ளடக்குகிறது.

மனக்குருடு: பிறர் மனநிலையை ஊகிக்க இயலாமையைக் குறிக்க சைமன் பேரன்-கோகன் தம் 1995ஆம் ஆண்டு நூலுக்குச் சூட்டிய பெயர். பிறர் மனத்தை அறவே அறியாதவர் என்ற எண்ணத்தை உண்டாக்குவதால் இது கண்டனத்துக்கு உள்ளானது.

விளையாட்டுச் சொற்கள்

மதியிறுக்கம் உடையவர்கள் 1990களில் தங்களுக்குள் உரையாடத் தொடங்கியபோது, மற்றவர்களைக் குறிக்க ‘நியூரோடிபிகல்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. 1998இல் இதை ஒரு நோயாக வருணிக்கும் அங்கதக் கட்டுரைகள் வெளியாயின. கூடிப் பழகுவதில் மிதமிஞ்சிய நாட்டமே அந்நோயின் அறிகுறியாகக் காட்டப்பட்டது. 2003இல் ஆண்ட்ரூ மெயின் ‘அல்லிசம்’ என்ற சொல்லை அமைத்தார். ஆட்டிசம் ‘தன்’ எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. அதற்கு எதிராக ‘பிறர்’ எனப் பொருள்படும் வேரை அவர் எடுத்துக்கொண்டார்.

இச்சொற்களின் நகைச்சுவை அவற்றின் வடிவத்தில் உள்ளது. மருத்துவப் பெயருக்குரிய கிரேக்கத் தோற்றம் இருப்பதால் எந்தப் பழக்கமும் நோய்போல் ஒலிக்கிறது. பெயர் சூட்டும் உரிமை இடம் மாறினால் நோயாளியும் மாறிவிடுவார் என்பதை அவை சிரிப்பினூடே உணர்த்துகின்றன.

இந்த விளையாட்டு பின்னர் ஆய்வுக் கருத்தாகவும் வளர்ந்தது. மதியிறுக்கம் உடைய ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தார். புரிதல் தடைபடுவது ஒருவரின் குறையால் மட்டுமன்று, வேறுபட்ட இருவரும் ஒருவரையொருவர் அறியாததால் என்பது அதன் சாரம். மதியிறுக்கம் உடையவர்களின் முகபாவங்களை மற்றவர்கள் சரியாக அறிவதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சில காட்டின.

தமிழில்

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது வகுக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் 71, 110 ஆகிய இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் பிறர் உள்ளத்தை ஐயமின்றி அறிபவரைத் தெய்வத்துக்கு நிகராக மதிக்கச் சொல்கிறது. குறிப்பை உணராத கண்களால் என்ன பயன் என்றும் கேட்கிறது. திறனுக்குத் தமிழில் பெயர் உண்டு. திறன் குன்றியோர்க்குப் பழியற்ற பெயர்தான் தேவைப்படுகிறது.

‘குருடு’ என்று முடியும் சொற்கள் வசையாக ஒலிப்பதால் தவிர்க்கத்தக்கவை. ‘முகக்குறிப்பறியாமை’ பொருள் விளங்கும் சொல். ஆனால் ‘அறியாமை’ என்பது அறிவின்மையாகவும் கொள்ளப்படலாம். வேற்றுமை மயக்கம், திணைமயக்கம் என்னும் இலக்கண வழக்குகளை ஒட்டி ‘மெய்ப்பாட்டு மயக்கம்’ எனவும் அமைக்கலாம். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது என்பதை மட்டுமே அது கூறும். விளையாட்டாகச் சொல்ல ‘முகநூல்’ ஏற்கெனவே கையில் இருக்கிறது. சமூக வலைத்தளத்தின் பெயரான அச்சொல்லை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால், ‘எனக்கு முகநூல் வாசிக்க வராது’ என்று ஒருவர் தம் நிலையைச் சிரித்தபடியே தெரிவித்துவிடலாம். அதைக் கேட்டவர் தம் வருத்தத்தையோ கோபத்தையோ முகத்தில் மட்டும் காட்டாமல் வாய்விட்டுச் சொன்னால் அச்சொல்லின் நோக்கம் நிறைவேறும்.