5 ரூபாய் பொருளுக்குக் கூரியர் செலவு எதற்கு?
சிறு மின்னணு உதிரிபாகங்களைக் கட்டுப்படியான விலையில் வாங்கும் வழிகள்

இரவு மோட்டாரைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் போதும், தொட்டி நிரம்பி வழிந்து மாட்டுக்கொட்டகை சேறாகிவிடும். எங்கள் வீட்டில் இது அடிக்கடி நடந்தது. விவசாய மின்சாரம் இலவசம்தான். கிணற்றுத் தண்ணீர் அப்படியில்லையே! அதனால், தொட்டி நிரம்பியதும் ஒலி எழுப்பும் அலாரம் ஒன்றை நானும் பிளஸ் டூ படிக்கும் மகனும் செய்ய முடிவெடுத்தோம்.

தேவைப்பட்டவை ஐந்தே பொருள்கள்: பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ஒயர். தொட்டியின் மேல்விளிம்பில் இரண்டு ஒயர் முனைகள் இருக்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டதும் சிறு மின்னோட்டம் டிரான்சிஸ்டருக்குப் போகும். அது பஸ்ஸரை இயக்கும். மற்ற நேரத்தில் பேட்டரி செலவாகாது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டோம். பொருள்களின் விலையைவிடக் கூரியர் கட்டணம்தான் அதிகம். வந்த பஸ்ஸரும் 'டிக்' என்று ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. தவறு எங்களுடையதுதான். பேட்டரி கொடுத்ததும் தானாக ஒலிப்பது 'ஆக்டிவ்' பஸ்ஸர். நாங்கள் வாங்கியது வெறும் பீசோ தகடு. அந்த அனுபவத்தில் கற்றவை இவை.

எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்

'ஒரு டிரான்சிஸ்டர் கொடுங்க' என்றால் கடைக்காரர் எதைத் தருவார்? பாகத்தின் எண், வோல்ட், ஓம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழுதான பாகம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்கள் வரிசையாக இருந்தால் 1 கிலோ ஓம். மூன்றாவது வளையம் ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம்.

முதலில் பக்கத்து ஊர்

டவுனில் ரேடியோ, டி.வி பழுது பார்ப்பவரிடம் இந்த மாதிரிப் பாகங்கள் சில்லறையாகவே கிடைக்கும். ஒன்றிரண்டு தேவைப்படும்போது பேருந்துச் செலவு, கூரியர் செலவு இரண்டும் மிச்சம். சென்னைக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்ட பிறகு வாங்குங்கள்.

கூட்டாக வாங்குங்கள்

ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் போன்றவை 100 எண்ணிக்கை கொண்ட கட்டாக வாங்கினால் ஒன்றின் விலை வெகுவாகக் குறையும். உரத்துக்கு நாலு பேர் சேர்ந்து வண்டி பேசுவதுபோல, ஊரில் ஆர்வமுள்ள பிள்ளைகள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் கூரியர் கட்டணமும் பங்காகிவிடும். ஐ.சி மட்டும் வழக்கத்தைவிட மிக மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள்; எண்ணை மாற்றி அச்சடித்த போலிகள் சந்தையில் உண்டு.

பழையதைத் தூக்கி எறியாதீர்கள்

கெட்டுப்போன ரேடியோ, பொம்மை, டார்ச் லைட்டில் ஒயர், சுவிட்ச், ஸ்பீக்கர், எல்.இ.டி கிடைக்கும். பழைய செல்போன் சார்ஜர் 5 வோல்ட் தரும். பழகிப் பார்க்க உதவும். ஆனால், தண்ணீரைத் தொடும் கருவிக்குச் சார்ஜர் வேண்டாம், பேட்டரிதான் பாதுகாப்பு. சி.எஃப்.எல் பல்பைப் பிரிக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். குழாய் உடைந்தால் பாதரசமும் வெளியேறும்.

முக்கிய எச்சரிக்கை

இந்தப் பழக்கமெல்லாம் பேட்டரி அளவோடு நிற்கட்டும். மும்முனை இணைப்பில் 415 வோல்ட் ஓடுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது. அது எலெக்ட்ரீஷியன் வேலை.

எங்கள் அலாரத்தின் செம்புக் கம்பி முனைகள் தண்ணீரில் பச்சை பிடித்துப் பழுதாகின. இப்போது எவர்சில்வர் திருகாணிகளை மாட்டியிருக்கிறோம். சத்தம் கேட்டதும் எழுந்து மோட்டாரை நிறுத்துகிறோம். கொட்டகை காய்ந்து கிடக்கிறது.