சுகர் நார்மல், தாகம் மட்டும் தீரவில்லை

இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறார். தலைமாட்டில் வைத்த தண்ணீர் விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. இப்படி ஒருவர் சொன்னால் நம் ஊரில் உடனே வரும் கேள்வி, 'சுகர் பார்த்தீங்களா?' பார்க்க வேண்டியதுதான். ஆனால் ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால், 'சுகர் இல்லை' என்ற நிம்மதியோடு வீடு திரும்பிவிடக் கூடாது. டயாபடிஸ் இன்சிபிடஸ் என்ற அரிய நோயாக அது இருக்கலாம். சர்க்கரை நோய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. அந்தத் திரும்புதலின் கடைசிக் கட்டம் வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனின் கையில் இருக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இது, சிறுநீரக நுண்குழாய்களில் அக்குவாபோரின் என்ற நீர்வழிப் புரதங்களைத் திறக்கவைக்கிறது. இந்தப் புரத வகையை முதலில் அடையாளம் கண்ட பீட்டர் அக்ரே, 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கோளாறு மேலேயும் வரலாம், கீழேயும் வரலாம். தலையில் பலத்த அடி, பிட்யூட்டரி பகுதியில் கட்டி, அங்கே நடந்த அறுவைச் சிகிச்சை, மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் ஹார்மோன் சுரப்பே குறைந்துபோகலாம். இன்னொரு வகையில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கும். சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காது. மனநோய்க்கு நெடுநாள் லித்தியம் சாப்பிடுபவர்களுக்கும், ரத்தத்தில் கால்சியம் மிகுந்தவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு. மரபணுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு, பெரும்பாலும் ஆண் குழந்தைகள். தாகத்தைச் சொல்லத் தெரியாத வயது. காரணம் புரியாத காய்ச்சல், வாந்தி, எடை ஏறாமை என்றுதான் நோய் தலைகாட்டும். குழந்தை மருத்துவர்கள் இதை மனதில் வைத்திருப்பது அவ்வளவு முக்கியம்.

கண்டறிவதுதான் கடினமான பகுதி. மருத்துவமனைக் கண்காணிப்பில் பல மணி நேரம் தண்ணீர் தராமல், எடையையும் ரத்த சோடியத்தையும் சிறுநீரின் அடர்த்தியையும் அளந்துகொண்டே இருப்பார்கள். ஆரோக்கியமான உடம்பில் சிறுநீர் அடர்த்தியாகும். நோய் முழு அளவில் இருந்தால் தண்ணீராகவே போகும். பிறகு வாசோபிரஸ்ஸினைப் போலச் செயல்படும் டெஸ்மோபிரஸ்ஸின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். சிறுநீர் அடர்த்தியானால் சுரப்பில் குறை, ஆகாவிட்டால் சிறுநீரகத்தில். இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து. ஆனால், பழக்கத்தாலோ மனநிலையாலோ குடம் குடமாகக் குடிப்பவரின் சிறுநீரகமும் நாளடைவில் அடர்த்தியாக்கும் திறனை ஓரளவு இழந்துவிடும். இந்த நோய் ஓரளவு மட்டும் உள்ளவரும் அவரும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலவே தெரிவார்கள்.

ஹார்மோனையே அளந்துவிடலாமே என்றால், வாசோபிரஸ்ஸினை நேரடியாக அளப்பது சிரமம், சீக்கிரம் சிதைந்துவிடும். அதோடு சேர்ந்து உருவாகும் கோபெப்டின் நிலையானது. அடர்த்தியான உப்புக் கரைசலைச் சலைனாக ஏற்றிக் கோபெப்டினை அளக்கும் முறை, தண்ணீர் நிறுத்தும் சோதனையைவிடத் துல்லியமானது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சுரப்பில் குறை என்றால் டெஸ்மோபிரஸ்ஸின் மாத்திரையோ மூக்கு ஸ்ப்ரேயோ போதும், இயல்பாக வாழலாம். மருந்து மிகுந்தால் உடலில் நீர் தேங்கி சோடியம் இறங்கிவிடும் என்பதால் அளவு மருத்துவர் சொன்னபடிதான். எனக்குக் கவலை தருவது மருத்துவமனை வார்டு. வேறு நோய்க்காகச் சேர்க்கப்பட்டவருக்கு, பெயரில் டயாபடிஸ் இருப்பதால் மணிக்கணக்காகச் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு, இந்த மருந்தையும் தண்ணீரையும் தவறவிட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. அதனால்தான் 2022-இல் சர்வதேச நிபுணர் குழு, இதை 'வாசோபிரஸ்ஸின் குறைபாடு', 'வாசோபிரஸ்ஸின் எதிர்ப்பு' என்று அழைக்கப் பரிந்துரைத்தது. இந்த நோயுள்ளவர் எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் அனுமதிச் சீட்டு எழுதும்போதே இதையும், டெஸ்மோபிரஸ்ஸின் வேளைகளையும் குடும்பத்தார் சொல்லிவிட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்காகத் தண்ணீரை நிறுத்துவதாக இருந்தால், அதற்கு முன்பே மயக்க மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.