அம்மாவை ஓடச் சொன்ன பிள்ளை!

2023-ம் வருஷம். பிலிப்பைன்ஸில் மூத்தோர் தடகளப் போட்டி. இலங்கையின் முல்லைத்தீவிலிருந்து போன அகிலத்திருநாயகி அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம், 5,000 மீட்டர் வேக நடையில் தங்கம், 800 மீட்டரில் வெண்கலம்! நம்மில் பலர் பஸ்ஸைத் துரத்தி நூறு மீட்டர் ஓடினாலே கண்டக்டர் சோடா வாங்கித் தரவேண்டியிருக்கும்.

அந்தத் தீவின் பெண்களுக்கு இதைவிடப் பெரிய பிரசாரம் வேறென்ன வேண்டும்?

எங்கள் கான்சாபுரத்து அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தாள். ''ஆம்பள வெரசா நடந்தா ஒடம்பப் பாத்துக்கிடுதான்னு சொல்லுதாக. நான் நடந்தா, 'என்ன மதினி, யாருக்கு என்ன ஆச்சு?'ன்னு கேக்காகடா!''

விஷயம் இதுதான் சார். கால் இருக்கிறது, தெருவும் இருக்கிறது. தெருவின் கேள்விதான் தடுக்கிறது. 2022-ம் வருஷக் கணக்குப்படி, இந்தியாவில் போதுமான உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவிகிதம். பெண்கள் 57!

''வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே?'' என்பீர்கள். நாற்று நடுகிற அக்காவுக்குச் சரி. ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தே வெங்காயம் உரிப்பவருக்கு? வாரம் 150 நிமிஷமாவது கொஞ்சம் மூச்சு வாங்கும்படி நடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள். மாதவிலக்கு நின்றபிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும் என்பதால், அம்மாக்களுக்கு இது இன்னும் அவசியம்.

பஞ்சாபின் மன் கௌர் பாட்டி தெரியுமா? ஓட ஆரம்பித்தது 93 வயதில். 2017-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில், 101 வயதில், நூறு மீட்டரை 1 நிமிஷம் 14 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 2021-ல் காலமானார். அவரை ஓடச் சொன்னது டாக்டர் அல்ல, அரசாங்கம் அல்ல. பெற்ற பிள்ளை குருதேவ் சிங்!

ஆகவே, இளைஞர்களே... அம்மாவுக்கோ மனைவிக்கோ அட்வைஸ் வேண்டாம். ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிக் கொடுங்கள். முதல் பத்து நாள் கூடவே நடங்கள். தெரு கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள். பதினோராம் நாள் அவர்கள் தனியாகப் போகட்டும். நீங்கள் அடுப்படிக்குப் போங்கள்.

பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைக்க ஓடுவீர்கள் பாருங்கள், அது உங்களுக்கான எக்ஸர்சைஸ்!