23 வருஷம் நின்ற கூரை சரிந்தது ஏன்? உள்ளே ஒளிந்திருந்த துரு!

மேற்கு பெர்லின் நகரில் ஒரு மாநாட்டு மண்டபம். பெரிய பெரிய கூட்டங்கள் நடக்கும் இடம். 1980-ம் ஆண்டு மே மாதம் 21-ந் தேதி, புதன்கிழமை. மண்டபத்தின் தெற்குப் பக்க வெளிக்கூரை 'மடமட'வென்று சரிந்து விழுந்தது. ஒருவர் பலியானார். சிலர் காயம் அடைந்தனர்.

அன்று நிலநடுக்கம் இல்லை. கூரை மேல் பனிப் பாரமும் இல்லை. பிறகு எப்படி விழுந்தது?

"கர்ப்பிணிச் சிப்பி"

1957-ல் அமெரிக்கா பரிசாகக் கட்டிக் கொடுத்த மண்டபம் இது. கூரை சிப்பி மாதிரி வளைந்து இருக்கும். அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் "கர்ப்பிணிச் சிப்பி".

வெளிக்கூரை கான்கிரீட்டின் கனம் சில அங்குலம்தான். உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளே அதைப் பிடித்து நிறுத்தின.

வெயிலுக்குக் கூரை விரியும். குளிருக்குச் சுருங்கும். காற்றடித்தால் லேசாக ஆடும். வருஷக்கணக்கில் இப்படி ஆடி ஆடி, கூரை வந்து சேரும் மூட்டில் விரிசல் விட்டது. அதன் வழியே ஈரம் இறங்கியது. கம்பிகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக அறுந்தன. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. கடைசியில் மிச்சம் இருந்த கம்பிகளால் தாங்க முடியவில்லை.

முட்டை ரகசியம்

முழு முட்டையை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பாருங்கள். லேசில் உடையாது. பாரத்தை எல்லாப் பக்கமும் பிரித்து விடும் அந்த வளைவுதான் அதன் பலம். அதிலே ஒரு கீறல் இருந்தால்? விரல் பட்டாலே போச்சு! நடுவில் தூண் இல்லாத பெரிய வளைந்த கூரைகளும் இதே ரகம்தான்.

புயலோ, நிலநடுக்கமோ வந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒவ்வொரு கூரைக்கும் தனக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. விரிசல் விட்டால் விறைப்பு குறையும். ஆட்டம் மெதுவாகும். வெளியிலிருந்து வரும் குலுக்கலும் அதே தாளத்தில் அமைந்துவிட்டால், ஊஞ்சலைத் தள்ளத் தள்ள உயரப் போகிற மாதிரி ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பழுதான இடத்தில் வளைவு 'படக்'கென்று உள்பக்கம் மடங்கும். அது போனால் பக்கத்து இடமும் போகும். புதுசாக இருந்தபோது தாங்கிய குலுக்கலைப் பழுதான கூரை தாங்காது.

தட்டிப் பார்த்தால் தெரியும்

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்ப்பார்கள். நல்ல பானை 'ணங்' என்று ஒலிக்கும். கீறல் பானையின் சத்தமே வேறு. என்ஜினீயர்கள் செய்வதும் இதுதான். கருவி வைத்து, கூரை விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று அளக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் கணக்கு குறைந்தால் உள்ளே கோளாறு இருக்கலாம்.

சின்னக் கீறல் இந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். ஆகவே கசிவு, துருக்கறை, விரிசல் ஆகியவற்றைக் கண்ணாலும் பார்க்க வேண்டும்.

பெர்லின் மண்டபத்தை 1987-ல் திரும்பக் கட்டி முடித்தார்கள். இறந்தவர் திரும்பி வரவில்லை. கசியும் கூரைக்கு வெள்ளையடித்தால் கறை மறையும். கம்பியின் துரு மறையாது!