பத்திரத்தில் முழு விலை போட்டால்தான் கடன்!

“கையில் பைசா வேண்டாம், வீட்டின் முழு விலைக்கும் லோன் வாங்கித் தருகிறோம்” என்று சொல்லிக்கொண்டு வரும் புரோக்கர்கள் எங்கள் மேலூரிலும் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் காலம் தள்ளுபவர்களுக்கு இதைக் கேட்டால் ஆசை வரத்தானே செய்யும்? எங்களுக்கும் வந்தது. நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எதற்கும் தலையாட்ட மாட்டேன். என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நேரே வங்கிக்குப் போனேன்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால் வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம்தான் தரலாமாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 சதவீதம். மீதி நம் கைப்பணம். ‘மார்ஜின்’ என்கிறார்கள். போதாததற்கு, 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் பத்திரச் செலவை மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது. நம் மாநிலத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். மார்ஜினையும் இதையும் கூட்டினால் விலையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் புரோக்கர் எப்படி முழுக் கடன் தருவார்? விலையை ஏற்றி அக்ரிமென்ட் போடச் சொல்வார். 20 லட்சம் வீட்டை 23 லட்சம் என்று எழுதினால் 90 சதவீதம் 20 லட்சத்து 70 ஆயிரம் வருமே என்பார். வங்கி தன் இன்ஜினீயரை அனுப்பி மதிப்புப் போடும் என்பதையும், கூடுதல் 3 லட்சத்துக்குப் பத்திரச் செலவே 27 ஆயிரம் என்பதையும் சொல்ல மாட்டார். வங்கியை ஏமாற்றிக் கையெழுத்துப் போடுவது நாம்தான், அவர் இல்லை. இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் என்ற வங்கி வீட்டு மதிப்பில் 125 சதவீதம் வரைகூடக் கடன் கொடுத்தது. 2007 செப்டம்பரில் அதன் வாசலில் ஜனங்கள் போட்ட பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள்!

எங்களுக்கு வந்த சிக்கலோ நேர் எதிர். நாங்கள் பார்த்த வீடு 18 லட்சம். விற்பவர்கள் வயதான தம்பதி, கோவையில் மகனோடு போய் இருக்கப் போகிறவர்கள். அந்த ஐயா, “கைடுலைன் மதிப்பு 11 லட்சம்தான், பத்திரத்தில் அதையே போட்டுக்குவோம். மீதி 7 லட்சத்தை ரொக்கமாக் குடுத்துருங்க” என்றார். என் மாமனாரும், “ஊர்ல எல்லாரும் அப்படித்தானம்மா செய்றாங்க, பத்திரச் செலவு மிச்சம்தானே” என்றார்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 11 லட்சத்துக்குப் பத்திரம் என்றால் வங்கி தருவது 9 லட்சத்து 90 ஆயிரம். நாங்கள் புரட்ட வேண்டியது 8 லட்சத்து 10 ஆயிரம். 18 லட்சத்துக்கே பத்திரம் என்றால் கடன் 16 லட்சத்து 20 ஆயிரம், எங்கள் பங்கு 1 லட்சத்து 80 ஆயிரம்தான். பத்திரச் செலவில் மிச்சமாவது 63 ஆயிரம். அந்த 63 ஆயிரத்தை மிச்சம் பிடிக்க 6 லட்சத்து 30 ஆயிரத்துக்கு வட்டிக்காரரிடம் போய் நிற்பதா? மாமனார் நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஐயா ஒத்துக்கொள்ள வேண்டுமே! முழு விலையைக் காட்டினால் வரி வரும் என்ற பயம் அவருக்கு. வீடு கைவிட்டுப் போய்விடும் என்றே நினைத்தோம். நான் அந்த அம்மாவிடம் பேசினேன். “அம்மா, 7 லட்சத்தை ரொக்கமா வாங்கி எங்கே வச்சுக் காப்பாத்துவீங்க? வீடு விக்கிறதுல 20 ஆயிரமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டமே இருக்கு. நீங்க கோவையில வீடு வாங்கத்தானே போறீங்க, வித்த லாபத்தைப் போட்டு வேற வீடு வாங்கினா வரி விலக்கு உண்டாம். ஒரு ஆடிட்டரைக் கேட்டுப் பாருங்களேன்” என்றேன். “சரி தாயி, கேக்கச் சொல்றேன்” என்றார்கள். பத்து நாள் பதிலே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அந்த அம்மாவே வீடு தேடி வந்து, “முழு விலைக்கே எழுதிக்கலாம்” என்றார்கள்.

2025 பிப்ரவரியில் பத்திரம் முடிந்தது. மார்ஜின், பத்திரச் செலவு, வக்கீல், பத்திர எழுத்தர், மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதியும் செலவு (இதுவும் தனி!) எல்லாம் சேர்ந்து 3 லட்சத்து 80 ஆயிரம் ஆனது. சீட்டுப் பணம் 1 லட்சத்து 40 ஆயிரம், அவர் பி.எஃப்.பிலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம். மீதிக்கு என் இரண்டு பவுன் சங்கிலியை விற்றேன். பர்சனல் லோன் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். 2 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்தில் அடைக்க மாதம் 6,800 ரூபாய்க்கு மேல் போகும். அதைக் கழித்துப் பார்த்துத்தான் வங்கி வீட்டுக் கடனையே முடிவு செய்யும். அடகும் வேண்டாம் என்றுவிட்டேன். மாதம் 14 ஆயிரம் தவணையோடு அடகு வட்டியையும் யார் கட்டுவது?

சகோதரிகள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை வட்டி மானியம் உண்டு. சொந்த வீடு இல்லாத, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அது. ஆனால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கில்தான் வரவு வைப்பார்கள், கையில் தர மாட்டார்கள். வீடு என் பெயரிலும் அவர் பெயரிலுமாக இருக்கிறது. மனு கொடுத்திருக்கிறோம், முதல் தவணையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

- ஒரு வாசகி, மேலூர்.