மணியும் மலரும்

அறிவும் பக்தியும் ஒரே வீட்டில் குடியிருத்தல் கூடுமா? பள்ளி மாணவர் முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரை பலரும் கேட்டுவரும் பழைய வினா இது. அமெரிக்க நாட்டிலே ஒரு பெண்மணி இவ்வினாவுக்கு வாதத்தால் விடை கூறவில்லை. இரண்டு மணிகளாலும் ஒரு சிறு பூந்தோட்டத்தாலும் விடை கூறினார். பிரான்சிஸ் கிரேன் லில்லி என்பது அவ்வம்மையாரின் பெயர். மலரின் பெயரையே குடும்பப் பெயராகப் பெற்ற அவர் 1869 முதல் 1958 வரை வாழ்ந்தவர்.

சிக்காகோ நகரின் பெருஞ் செல்வர்களுள் ஒருவரான கைத்தொழில் அதிபர் றிச்சட் கிரேனின் மகளாக அவர் பிறந்தார். செல்வர் வீட்டுப் பெண்கள் விருந்திலும் உடையிலும் பொழுதைப் போக்கிய அக்காலத்தில், அவரோ விஞ்ஞானம் கற்க விரும்பினார். மசாசூசெற்ஸ் மாநிலக் கடற்கரையில் வூட்ஸ் ஹோல் என்றொரு சிற்றூர் உண்டு. 1888 இல் அங்கே தோன்றிய கடல் உயிரியல் ஆய்வுகூடத்துக்கு மாணவியாகச் சென்றவர், அங்கு கற்பித்துக்கொண்டிருந்த இளைஞர் பிராங்க் லில்லியை 1895 இல் மணந்தார். கணவர் கடல் முள்ளெலி முதலிய உயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். 1908 முதல் 1926 வரை அவ்வாய்வுகூடத்தின் பணிப்பாளராகவும் விளங்கினார்.

அம்மையாரின் உள்ளமோ வேறொரு தேட்டத்திலும் ஈடுபட்டிருந்தது. நடுவயதில் அவர் கத்தோலிக்க திருச்சபையில் சேர்ந்தார். அதற்காக நுணுக்குக்காட்டியின்மீது அவர் வெறுப்புக் கொள்ளவில்லை. ஆயினும் அதன் வழியாக நோக்குவோர், நோக்கும் பொருளோடு நின்றுவிடக் கூடாது என்று கருதினார்.

ஆய்வுகூடத்துக்கு எதிரே ஒரு சிறு உப்பங்கழி. அதன் மறுகரையில் புனித சூசையப்பர் கோவில். 1929 இல் அக்கோவிலுக்கு அம்மையார் ஒரு கல் மணிக்கோபுரம் எழுப்பிக் கொடுத்தார். அதில் தொங்கும் இரு மணிகளுக்கும் அவர் புனிதர்களின் பெயரைச் சூட்டவில்லை. ஒன்றின் பெயர் மெண்டல். மற்றதன் பெயர் பாஸ்டர்!

மெண்டல் துறவுமடத்தில் வாழ்ந்தவர். மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, பரம்பரை இயல்புகள் தலைமுறை தோறும் வரும் முறையைக் கண்டு 1866 இல் வெளியிட்டார். பாஸ்டர் நுண்ணுயிர்களே பல நோய்களுக்குக் காரணம் என நிலைநாட்டியவர். விசர்நாய்க் கடிக்குத் தடுப்பு மருந்து கண்டவர். இருவரும் பிறந்தது 1822 என்னும் ஒரே ஆண்டில். திரிகாலச் செபத்துக்காகக் காலை, நண்பகல், மாலை என மும்முறை அம்மணிகள் ஒலிக்கும்போது, எதிர்க்கரையில் ஆராய்ச்சியில் ஆழ்ந்திருப்போர் செவியில் விழுவது தம் துறையின் முன்னோர் இருவரின் பெயர் தாங்கிய ஓசையன்றோ!

1932 இல் கோபுரத்தின் அடியில் மரியன்னையின் பெயரால் ஒரு தோட்டம் அமைத்தார் அம்மையார். கண்ணுக்கு அழகான செடிகளைத் தேடி நட்டதோடு அவர் அமையவில்லை. பழைய தாவரப் பெயர்களை ஆராய்ந்து, ஐரோப்பியக் குடியானவர்கள் முற்காலத்தில் தேவமாதாவின் பெயரிட்டு வழங்கிய செடிகளையே தேர்ந்தெடுத்தார். எழுத்தறியாத அம்மக்களுக்கு வயல்வரப்பே வேதநூலாக இருந்தது. பள்ளத்தாக்கு லில்லியின் வெண்மணிப் பூக்கள் அவர்களுக்கு ‘மாதாவின் கண்ணீர்’. நரியின் கையுறை என்று பொருள்படும் பெயருடைய பொக்ஸ்குளோவ், ‘மாதாவின் கையுறை’. ‘மரிகோல்ட்’ என்னும் பெயரே ‘மரியாளின் பொன்’ எனப் பொருள்படுவது.

இப்பெயர்கள் மறைந்தது எவ்வாறு? 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த சமயப் புரட்சிக்குப் பின்னர், ஆங்கில நாட்டில் ‘எம் அன்னையின்’ என்ற அடைமொழி பல பெயர்களில் தேய்ந்து, வெறும் ‘சீமாட்டியின்’ என்றாயிற்று. கற்றோர் வழக்கிலும் மாற்றம் நிகழ்ந்தது. பாதுகை வடிவான ஓர் ஓர்க்கிட் மலரைப் பழைய மூலிகை நூல்கள் ‘மரியாளின் பாதுகை’ என்றன. 1753 இல் தாவரங்களுக்கு முறையாகப் பெயரிட்ட லின்னேயஸ், அம்மலரினத்துக்குக் கிரேக்கரின் காதல் தெய்வத்தின் பெயரைச் சார்த்தி ‘சிப்ரிபீடியம்’ என வழங்கினார். பெயர் போனபின் அப்பெயரோடு வாழ்ந்த நினைவும் போயிற்று. அந்நினைவை மண்ணில் மீண்டும் ஊன்றியதே லில்லி அம்மையாரின் தொண்டு.

அத்தோட்டத்தைப் பற்றி அறிந்து ஊக்கமுற்ற இருவர், 1951 இல் பிலடெல்பியாவில் ஓர் இயக்கம் தொடங்கி, வீடுகளிலும் கோவில்களிலும் இத்தகைய தோட்டங்கள் அமைக்க வழிகாட்டினர். அம்மையார் மறைந்த பின்னரும், 1982 இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி வூட்ஸ் ஹோல் தோட்டம் புதுப்பிக்கப்பட்டது.

சைவர்களாகிய எமக்கு இவ்வரலாறு அயலானதன்று. வில்வத்தைச் சிவனுக்கும், துளசியைத் திருமாலுக்கும், கடம்பை முருகனுக்கும் உரியனவாக்கி, தலந்தோறும் ஒரு விருட்சத்தைப் போற்றிய மரபு எம்முடையது. நாகலிங்க மரத்தை எண்ணிப் பாருங்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம். ஆயினும் அதன் பூவினுள்ளே எம்மவர் படமெடுத்த நாகத்தின் நிழலில் சிவலிங்கத்தைக் கண்டனர். அதே பூவில் சிங்கள பௌத்தர் தாதுகோபத்தைக் காண்கின்றனர். அம்மரத்தைச் ‘சல்’ என்றழைத்து விகாரைகளில் வளர்க்கின்றனர். மலர் ஒன்றே, அதன் முன் நின்று கைகூப்பும் நெஞ்சங்கள் பல.

எனினும் எம் வீடுகளிலும் பெயர்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. வேலியோரத்துச் செடியைப் ‘பூண்டு’ என்ற ஒரு சொல்லால் கழித்துவிடும் சிறுவர் இன்று பலர். அதே செடிக்குப் பெயரும், அது தீர்க்கும் நோயும், அதனைச் சூடும் தெய்வமும் சொல்ல வல்ல பாட்டிமார் ஊர்தோறும் சிலரேனும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் வேண்டும்.

மாணவ மாணவியரே! அடுத்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் வளவைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் தாவரவியற் பெயரை ஒரு பக்கத்திலும், பாட்டி சொல்லும் பெயரையும் கதையையும் மறுபக்கத்திலும் எழுதுங்கள். இரு பக்கங்களும் ஒரே கொப்பியில் இருக்கட்டும்.