மேடையிலே பிரசங்கம், வரிசையிலே மௌனம்

திருமணத்தில் ஒருவர் அருளுரை ஆற்றுகிறார். கேட்பவர்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இது மரியாதையா, அலட்சியமா? சபைக்குச் சபை பதில் மாறும். அந்த மாற்றத்தை உலகமே தொலைக்காட்சியில் பார்த்த ஒரு நாள் உண்டு, நேயர்களே.

2018 மே 19. மலேசிய நேரப்படி இரவு 7 மணி. இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் இளவரசர் ஹேரிக்கும் அமெரிக்க நடிகை மேகன் மார்க்கலுக்கும் திருமணம். விருந்தினர்கள் சுமார் 600 பேர். அருளுரை வழங்க அழைக்கப்பட்டவர் ஆயர் மைக்கல் கரி. அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபைக்குத் தலைமையேற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்.

மார்ட்டின் லூதர் கிங்கை மேற்கோள் காட்டித் தொடங்கினார். எதிரே கைக்கணினி இருந்தாலும் கண்கள் கூட்டத்தின் மீதுதான். கைகள் விரிந்தன, குரல் ஏறியது, தாழ்ந்தது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஏறக்குறைய 14 நிமிடங்கள்! அரச குடும்பத் திருமணங்களில் அருளுரை என்றால் சுருக்கமாக, நிதானமான குரலில் முடிந்துவிடும். அதனால் சிலர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், இளவரசி ஆனின் மகள் சாரா வாய் பிளந்து பார்த்தார். கேமராக்கள் எதையும் விடவில்லை. அவமரியாதை என்று ஒரு சாராரும், கல்யாணத்தில் இவ்வளவு நீளப் பேச்சு எதற்கு என்று இன்னொரு சாராரும் அடுத்த சில நாட்கள் வாதாடினார்கள்.

இது மத வேறுபாடு அன்று. கரியின் எபிஸ்கோப்பல் திருச்சபையும் இங்கிலாந்துத் திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேறுபட்டது கேட்கும் பழக்கம்தான். அமெரிக்கக் கறுப்பின தேவாலயங்களில் பிரசங்கம் ஒருவர் மட்டும் நடத்துவதல்ல. போதகர் ஒரு வரி சொன்னால் சபை ‘ஆமென்’ என்று திருப்பிக் கொடுக்கும். நம் வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் போடும் ‘ஆமாம்’ இல்லாவிட்டால் கதை எப்படி நொண்டுமோ, அப்படித்தான் அங்கும். சபை மௌனமாக இருந்தால், சொன்னது போய்ச் சேரவில்லை என்று பொருள். இங்கிலாந்தின் பழைய தேவாலயத்திலோ மௌனமே பக்தி. மறுமொழிக்கு இடம் விட்டு நின்ற பேச்சாளர் முன்னால், மறுமொழி சொல்லத் தெரியாத சபை. சங்கடச் சிரிப்பு வேறு எங்கே பிறக்கும்?

இதில் ஒரு சுவையான இடம் உண்டு. மணமக்களுக்குத் திருமணத்தை முடித்து வைக்க வேண்டுமே, உட்காரப் போகிறேன் என்று கரி சொன்னதும் கூட்டம் சிரித்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. நெருப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கறுப்பினப் பிரசங்க மரபு அறிந்தவர்களுக்குத் தெரியும், ‘உட்காரப் போகிறேன்’ என்றால் உச்சக்கட்டம் தொடங்குகிறது என்று பொருள். “இறுதியாக ஒன்றைக் கூறி விடைபெறுகிறேன்” என்ற பிறகு கால் மணி நேரம் பேசும் நம் மேடைப் பேச்சாளர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

நம் சமூகத்திலும் இந்த மோதல் நடப்பதுதான். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்க வேண்டும் என்று வளர்ந்தவருக்கு, கத்தோலிக்கக் கோயில் திருமணத்தின் அமைதி வெறுமையாகத் தோன்றும். அந்த அமைதியில் வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கப் பெரியவர், பெந்தெகொஸ்தே சபையில் நடக்கும் உறவுக்காரப் பெண்ணின் திருமணத்தில் ‘அல்லேலூயா’ முழக்கம் கேட்டு, “இது என்ன சத்தம்?” என்று முகம் சுளிப்பார். இரு பக்கமும் குறை சொல்வது மணமக்களை அல்ல, தனக்குப் பழக்கமில்லாத ஓசையை.

விண்ட்சரில் சிரித்தவர்கள் எல்லாரும் இகழ்ந்தார்கள் என்று சொல்வதும் சரியாகாது. கேமரா காட்டிய சில விநாடி முகத்தை வைத்து மனத்தை எடைபோட முடியாது. அப்போதைய கேண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அந்தப் பிரசங்கத்தை வெளிப்படையாகப் பாராட்டினார். கடவுள் நம்பிக்கையில்லாத அரசியல்வாதி எட் மிலிபேண்ட், இவர் என்னையும் ஏறக்குறைய நம்பவைத்துவிடுவார் என்ற பொருளில் எழுதினார்.

சிரிப்பைப் பற்றிய விவாதத்தில் பலர் கவனிக்காமல் விட்டது வேறொன்று. பேச்சின் நடுவே, அமெரிக்க அடிமைகள் பாடிய ஒரு பக்திப் பாடலை கரி நினைவூட்டினார். அவரே அடிமைகளின் வழித்தோன்றல். 1865-இல் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை, அந்த மக்களின் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பல இடங்களில் ஒரு துடைப்பத்தைத் தாண்டுவதே அவர்களின் திருமணச் சடங்கு. எசமானர் விற்றுவிட்டால் கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம். அப்படிப்பட்டவர்களின் பாடல்தான் அன்று அரச குடும்பத்தின் தேவாலயத்தில் பேசப்பட்டது. எதிர் வரிசையில், மணப்பெண்ணின் குடும்பத்திலிருந்து வந்திருந்த ஒரே உறவினரான தாயார் டோரியா ராக்லண்ட் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.